ஜூம் அவுட் செய்தால் என் படை எங்கே போகிறது? (வரலாற்று வியூக விளையாட்டுகளின் மேப் பற்றி)

நடுவானத்தான்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் புலம்பலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆடுவது ஒரே வகைதான், வரலாற்று கிராண்ட் ஸ்ட்ராடஜி. வரி, வாரிசு, கூட்டணி, போர் என்று எல்லாமே ஒரே மேப்பின் மேல் நடக்கும் வகை. இப்போது ஆடிக்கொண்டிருப்பதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் திரி முழுக்கத் திட்டுபவர்களும் தாங்குபவர்களும்தான் இருப்பார்கள்.

எனக்கு இரண்டு முனைகளில் போர். ஒரு படை ரைன் ஆற்றோரம் நிற்கிறது, இன்னொன்று பால்கனில் ஒரு மலைக்கோட்டையை முற்றுகையிட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே திரையில் பார்க்க மேலே போக வேண்டும். போனால், ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மேப் சட்டென்று பழுப்பேறிய காகிதமாகிறது, படைகள் மறைந்துவிடுகின்றன. எதிரியின் படையும்தான். கடலில் ஒரு பூதாகாரமான மீன் நீந்துகிறது, மூலையில் அழகான திசைகாட்டி இருக்கிறது, என் இருபதாயிரம் பேரை மட்டும் காணோம்.

சரி என்று அடிவரை இறங்கினால் குதிரை வாலை ஆட்டுகிறது, கரையில் அலை நுரைக்கிறது. அந்த உயரத்திலிருந்து யாராவது ஓர் உத்தரவாவது கொடுத்திருக்கிறீர்களா? நான் கொடுத்ததில்லை. அரை ப்ராவின்ஸ்தான் (மேப்பில் ஒரு மாகாணத் துண்டு) திரைக்குள் அடங்கும். அது ட்ரெய்லருக்காகச் செய்த உயரம்.

இரண்டுக்கும் நடுவே, மவுஸ் சக்கரத்தை இரண்டு மூன்று சொடுக்கு நகர்த்தும் அளவுக்கு ஓர் இடுக்கு இருக்கிறது. நிறம், எல்லை, படை மூன்றும் அங்கேதான் சேர்ந்து தெரிகின்றன. முழு ஆட்டத்தையும் அந்த இடுக்கிலேயே ஆடுகிறேன்.

இப்படி வடிவமைக்க ஏதாவது காரணம் இருக்கிறதா? இதை ஒழுங்காகச் செய்த விளையாட்டு எது? அல்லது 1366×768 திரையில் ஆடும் என்னைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லையா?

ஒருவரி:

பெரிய மானிட்டர் வாங்குங்க ப்ரோ.

நடுவானத்தான்:

பெரிய மானிட்டரில் காகிதம் இன்னும் பெரிதாகத் தெரியும். படை தெரியுமா?

அளவுகோல்:

வேலையில் வரைபடம் வரைபவன் நான் (ஜிஐஎஸ், அதாவது கணினியில் புவியியல் தரவைக் கையாளும் வேலை), மாலையில் இதே விளையாட்டுகளை ஆடுபவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் தொல்லைக்குத் திரை காரணமில்லை. இரண்டு வேறு வேலைகளை ஒரே மவுஸ் சக்கரத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். ஒன்று, எவ்வளவு நிலப்பரப்பைப் பார்க்கிறேன் என்பது. மற்றது, அந்த நிலத்தைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்பது. நீங்கள் மேலே போனது "என் இரண்டு படைகளும் எப்படி இருக்கின்றன" என்ற அதே கேள்வியோடுதான். ஆனால் விளையாட்டு, "ஓ, இவர் இப்போது அரசியல் எல்லைகளைப் பார்க்க வந்திருக்கிறார்" என்று தானாக முடிவு செய்துகொண்டது.

2013-இல் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய கண்ணுக்கு அது அசிங்கம்தான். ஆனால் அதில் இந்த இரண்டு வேலைகளும் தனித்தனி. உயரத்துக்கு மவுஸ் சக்கரம், உள்ளடக்கத்துக்கு மேப் மோட் (map mode, மேப் எதைக் காட்ட வேண்டும் என்ற தேர்வு). மதம், வணிகம், நிலவகை, ராஜதந்திரம் எதுவானாலும் எந்த உயரத்திலும் ஒரு விசையில் மாற்றலாம். 2020-இல் வந்த க்ரூசேடர் கிங்ஸ் 3-இல் கீழே இறங்கினால் ஆட்சி நிறங்கள் மங்கி நிலம் தெரியும், மேலே போனால் காகித வரைபடம் வரும். பார்க்க அழகு, நான் மறுக்கவில்லை. ஆனால் உயரமே பாதி மேப் மோட் ஆகிவிட்டது.

அதற்காக உயரத்தையும் உள்ளடக்கத்தையும் இணைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வரலாற்று விளையாட்டு இல்லையென்றாலும், 2007-இல் வந்த சுப்ரீம் கமாண்டரைப் பாருங்கள். ஒற்றை டாங்கியிலிருந்து முழுப் போர்க்களம் வரை ஒரே சக்கரத்தில் போகலாம். மேலே போகப் போக டாங்கியின் உருவம் போய் அந்த இடத்தில் ஒரு சிறிய குறி நிற்கும். அந்தக் குறியைச் சொடுக்கலாம், உத்தரவு கொடுக்கலாம். எதுவும் காணாமல் போவதில்லை, உடை மட்டும் மாறுகிறது. ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-இல் காலாட்படை, கவசப்படை என்று நேட்டோ குறிகளை (ராணுவ வரைபடங்களில் படை வகையைக் காட்டும் எளிய குறிகள்) வைத்திருப்பதும் இந்தப் புத்திதான். செவ்வகத்துக்குள் பெருக்கல் குறி போட்டால் காலாட்படை. பத்து பிக்சலில்கூடப் படித்துவிடலாம். குதிரைவீரன் பொம்மையைப் பத்து பிக்சலில் காட்டினால் அது அழுக்கு.

ஆக உயரம் கூடும்போது ஒரு பொருளை மறைப்பது வேறு, அதற்குப் பதிலாக எளிய ஒன்றை வைப்பது வேறு. எங்கள் தொழிலில் பாதி வேலையே இந்த இரண்டாவதுதான். வலையில் நீங்கள் பார்க்கும் பெரும்பாலான வரைபடங்களில் பூச்சியம் படியில் உலகமே 256 பிக்சல் சதுரம் ஒன்றுக்குள் அடங்கும். ஒவ்வொரு படிக்கும் அளவு இரட்டிக்கும். எந்தப் படியில் எந்தச் சாலை தெரியலாம், எந்த ஊரின் பெயர் மறையலாம், எந்தக் கோடு எவ்வளவு தடிமன் என்று படிக்குப் படி விதி எழுதுவோம். சலிப்பூட்டும் வேலை, ஆனால் அதைச் செய்தால்தான் பயனர் எந்த மாற்றத்தையும் கவனிக்காமல் மேலும் கீழும் போவார். விளையாட்டுகளில் பலவும் இரண்டு மூன்று எல்லைகளை வைத்துவிட்டுக் கடையைக் கட்டிவிடுகின்றன. அதனால்தான் உங்களுக்குச் "சட்டென்று" ஆகிறது.

வேதனை என்னவென்றால், சேர்த்துக் காட்டத் தேவையான தரவு அவர்களிடமே இருக்கிறது. 2025 நவம்பரில் வந்த யூரோப்பா யுனிவர்சாலிஸ் 5-இல் 28,000-க்கும் மேற்பட்ட லொகேஷன்கள், அதாவது மேப்பின் மிகச் சிறிய துண்டுகள். லொகேஷன்கள் சேர்ந்து ப்ராவின்ஸ், அவை சேர்ந்து ஏரியா, அதற்கு மேல் ரீஜன், துணைக்கண்டம், கண்டம். இது தயாராகக் கட்டிவைத்த ஏணி. உணவு இருப்போ, மக்கள்தொகையோ, அமைதியின்மையோ, எதைக் காட்டுவதானாலும் உயரத்துக்கு ஏற்ற ஏணிப்படியில் கூட்டிக் காட்டலாம். 28,000 துண்டுகளையும் ஐரோப்பா முழுதும் தெரியும் உயரத்தில் தனித்தனி நிறமடித்தால் அது தகவல் இல்லை, தூசி.

வண்ணச்சீட்டு:

அளவுகோல் சொல்றது சரிதான், ஆனா ஒரு பக்கம் மட்டும் சொல்றார்.

எனக்கு அந்தக் காகித மேப் பிடிக்கும். அதுக்காகவே சில நேரம் மேல போய் பாஸ் போட்டுட்டு உட்கார்ந்திருப்பேன். விக்டோரியா 3-ல 1836-ல இருந்து 1936 வரைக்கும் நூறு வருஷம் ஓடுது. அதுல படையை நாம ப்ராவின்ஸ் ப்ராவின்ஸா நகர்த்துறதே கிடையாது. படையை மொத்தமா ஒரு முனைக்கு அனுப்புறோம், அவ்வளவுதான். அங்கே மேலே போனா படை தெரியலைன்னு யாரு அழப்போறா? அந்த ஆட்டத்துக்குக் காகிதம் பொருந்துது.

இன்னொண்ணு. மறைக்கிறதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. மேலே இருக்கும்போது நீங்க அரசன், கீழே இறங்கினாத்தான் தளபதி. அரசனுக்கு ஒவ்வொரு பட்டாளமும் எங்கே நிக்குதுன்னு தெரியணுமா என்ன?

நடுவானத்தான்:

அரசனுக்குத் தெரிய வேண்டாம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசனிடம் தூதன் ஓடிவந்து "பால்கனில் முற்றுகை உடைந்தது" என்று சொல்வான். இங்கே தூதனைத் தேடி நானே ஜூம் இன் செய்து போக வேண்டியிருக்கிறது. போனால் அவன் மரத்துக்குப் பின்னால் நிற்கிறான்.

விக்டோரியா 3 பற்றிச் சொன்னது நல்ல விஷயம். அங்கே மேப்பின் வேலையே வேறு. என் வருத்தம், படையைக் கையால் நகர்த்தியே ஆக வேண்டிய விளையாட்டிலும் அதே காகிதத்தைக் கொண்டுவந்து போர்த்துவதில்தான்.

திரையோரம் படைகளின் பட்டியல் வருமே, அவுட்லைனர், அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் அதை வசதி என்கிறார்கள். எனக்கு என்னவோ அது மேப் தோற்ற இடத்தில் கொண்டுவந்து வைத்த பட்டியலாகத்தான் தெரிகிறது. படை எங்கே என்று சொல்வதுதானே மேப்பின் முதல் வேலை?

பிக்சல் பொறுக்கி:

மோட் (mod, விளையாட்டின் கோப்புகளை நாமே மாற்றி அமைப்பது) செய்பவன் பக்கத்திலிருந்து ஒன்று. கீழே இறங்கினாலும் தீராத பிரச்சினை ஒன்று இருக்கிறது: தீவுகள்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4-இன் ப்ராவின்ஸ் மேப் ஒரு சாதாரண பிட்மேப் படம். அளவு 5632×2048. ஒவ்வொரு ப்ராவின்ஸுக்கும் ஒரு தனி நிறம், எந்த நிறம் எந்த எண் என்று அட்டவணையாக ஒரு சிஎஸ்வி கோப்பு. அவ்வளவுதான் உலகம். தூரிகையின் ஓரம் மென்மையாக இருந்தால்கூட எல்லையில் புது நிறம் ஒன்று உண்டாகி விளையாட்டு அதை அடையாளம் தெரியாமல் முழிக்கும்.

இப்போது கணக்குப் போடுங்கள். நிலநடுக்கோட்டில் பூமியின் சுற்றளவு சுமார் 40,075 கிலோமீட்டர். அதை 5632 பிக்சலில் பரப்பினால் ஒரு பிக்சல் ஏழு கிலோமீட்டருக்கு மேல். 36 பாகை வடக்கில், அதாவது மால்டா, ரோட்ஸ் தீவுகள் இருக்கும் அட்சரேகையில், ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர். மால்டா தீவின் நீளம் 27 கிலோமீட்டர். நேர்மையாக வரைந்தால் ஐந்து பிக்சல்கூட வராது. அதன் மேல் கோட்டை, துறைமுகம், படை, கப்பல் எல்லாம் நிற்க வேண்டும். ரோட்ஸ் பரவாயில்லை, சுமார் 80 கிலோமீட்டர், பதினான்கு பிக்சல் வரும். அந்த ஆட்டத்தில் 1444-இல் நைட்ஸ் எனப்படும் கிறிஸ்தவத் துறவி வீரர்களின் முழு நாடே அதுதான்.

அதனால் தீவை ஊதிப் பெரிதாக்காமல் வேறு வழியே இல்லை. வரலாற்று வெறியர்கள் "கடற்கரை தப்பு" என்று கருத்து போடுவார்கள். கடற்கரை சரியாக இருந்தால் உங்களால் அதைச் சொடுக்கவே முடியாது ஐயா.

நீரிணைகளும் இதே கதை. தார்தனெல்ஸ் போன்ற இடத்தில் எதிரிக் கப்பற்படை நின்றால் தரைப்படை தாண்ட முடியாது. போரின் முடிவே அங்கே இருக்கலாம். மேப்பில் அது ஒரு மயிரிழை. அந்த மயிரிழையை அகலப்படுத்தினால்தான் ஆட்டம்.

அளவுகோல்:

இதைத்தான் எங்கள் பக்கத்தில் மிகைப்படுத்தல், விலக்கிவைத்தல் என்போம். அச்சு வரைபடங்களில் மலைப்பாதைச் சாலை உண்மையான அகலத்தில் இருக்காது. இருந்தால் கண்ணுக்கே தெரியாது. சாலையை அகலமாக்கி, பக்கத்து ஆற்றைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். பொய்தான், பயனுள்ள பொய்.

மங்கல் பச்சை:

எல்லோரும் உயரம் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குச் சிவப்பு, பச்சை பிரிந்து தெரியாது. மேலே போய் எல்லாம் வெறும் நிறமாக மாறும் அந்த நொடியில் எனக்கு மேப்பே முடிந்துவிடுகிறது.

உதவுவது இரண்டுதான். ஒன்று, நிலப்பரப்பு நெடுகப் படர்ந்து வரும் நாட்டின் பெயர். இரண்டு, ஆக்கிரமித்த ப்ராவின்ஸ்களில் வரும் சாய்கோடுகள். அந்தச் சாய்கோட்டைக் கண்டுபிடித்தவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நிறம் என்ன என்று தெரியாவிட்டாலும் "இங்கே ஏதோ நடக்கிறது" என்று வடிவமே சொல்லிவிடும். ஆனால் ரொம்ப மேலே போனால் கோடுகள் நெருங்கிக் குழம்பி ஒரு அழுக்கு நிறமாகிவிடும். உயரத்துக்கு ஏற்பக் கோட்டின் இடைவெளியை அகலமாக்கினாலே போதும். கேட்பது அவ்வளவுதான்.

வண்ணச்சீட்டு:

நாலு நிறம் இருந்தா, பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஒரே நிறம் ஆகாம எந்த மேப்பையும் தீட்டிடலாம்னு ஒரு தேற்றம் இருக்கே? அப்போ இவருக்குப் பொருந்துற நாலு நிறத்தை மட்டும் வெச்சு ஒரு மோட் குடுக்கலாமே.

அளவுகோல்:

1976-இல் அப்பெல், ஹாக்கன் இருவரும் நிரூபித்தது. ஆனால் அதில் ஒவ்வொரு நாடும் ஒரே துண்டாக இருக்க வேண்டும். நம் விளையாட்டுகளில் அப்படி ஒரு நாட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். புனித ரோமானியப் பேரரசில் ஓர் இளவரசருக்கு இங்கே ஒரு நகரம், அங்கே ஒரு பள்ளத்தாக்கு. வெனிஸுக்குக் கிரீட், கோர்ஃபு. நாடுகள் இரண்டிரண்டு துண்டாக இருந்தாலே 12 நிறம் வரை தேவைப்படலாம் என்று ஹீவுட் என்ற கணித அறிஞர் 1890-லேயே சொல்லிவிட்டார். தவிர, ஆடுபவர்களுக்கு நிறம் என்பது பெயர் மாதிரி. பிரான்ஸ் நீலம், காஸ்டில் மஞ்சள். அதை மாற்றினால் கலவரம்தான்.

மங்கல் பச்சை சொன்ன இடைவெளி யோசனைதான் சரியான வழி. நிறத்தைக் குறைப்பதை விட வடிவத்தைச் சேர்ப்பது மேல்.

பிக்சல் பொறுக்கி:

நடுவானத்தான், நீங்கள் கேட்ட காரணத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். உயரத்திலிருந்து முப்பரிமாண நிலத்தைப் பார்த்தால் ஒரே புல், ஒரே மலைத் தோற்றம் திரும்பத் திரும்ப வருவது பட்டவர்த்தனமாகத் தெரியும். அத்தனை மரத்தையும் பொம்மையையும் வரைவது கணினிக்கும் பாரம். காகிதம் இரண்டையும் ஒரே வீச்சில் மூடிவிடுகிறது.

ஆனால் அது எந்த உயரத்தில் வர வேண்டும் என்பது கல்லில் செதுக்கியதல்ல. பல விளையாட்டுகளில் கேமராவின் உயரப் படிகள் சாதாரண டெக்ஸ்ட் கோப்பில்தான் இருக்கும். கோப்புகளுக்குள் கேமரா, ஜூம் என்று தேடிப் பாருங்கள். மாற்றினால் சாதனைகள் (விளையாட்டு தரும் அச்சீவ்மென்ட் பதக்கங்கள்) கிடைக்காமல் போகலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

நடுவானத்தான்:

சாதனைகள் போனால் போகட்டும். காகிதத்தை ஒரேயடியாக வானத்துக்குத் தள்ளிவிடலாமா?

பிக்சல் பொறுக்கி:

தள்ளலாம், ஆனால் படையின் பொம்மை எறும்பாகிவிடும். அந்த எறும்புக்குப் பதில் குறி போட உங்கள் விளையாட்டில் வசதி இருக்கிறதா என்று தெரியாமல் ரொம்ப மேலே போகாதீர்கள். முதலில் இரண்டு படி மட்டும் உயர்த்துங்கள். ரைனும் பால்கனும் ஒரே திரையில் அடங்கினால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மாற்றிய கோப்பின் நகல் ஒன்றை வேறு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், அடுத்த அப்டேட்டில் எப்படியும் மேலெழுதிவிடும்.