குன்மமா, குல்மமா? அல்சருக்கு இந்தச் சொல் பொருந்துமா?

ஏடகம்:
கலைச்சொல் பட்டியலில் ‘பெப்டிக் அல்சர்’ என்பதற்கு நேராகக் ‘குன்மம்’ என்று போட்டிருக்கிறார்கள். இரண்டு ஆட்சேபம். வடமொழியில் அது ‘குல்ம’. எனவே ‘குல்மம்’ என்றுதான் எழுத வேண்டும். பொருளும் சரியில்லை. குல்ம என்றால் புதர், திரள். ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் சொல்வது வயிற்றில் கைக்குத் தட்டுப்படும் திரட்சியை. இரு விலா, நெஞ்சுப் பகுதி, தொப்புள், அடிவயிறு என்று ஐந்து இடம் குறிக்கிறார். புண்ணுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

வேர்க்கிழங்கு:
வடமொழிக்கு ஏன் போகிறீர்கள்? ஆளைக் குன்ன வைக்கும் நோய், அதனால் குன்மம். உடலையும் மனத்தையும் குன்றச் செய்வது என்றுதானே சித்த மருத்துவப் பாடத்திலும் விளக்கம் சொல்கிறார்கள்.

கரிசாலை:
அந்த விளக்கம் நோயாளியின் நிலைக்குப் பொருந்தும், சொல்லின் பிறப்புக்குப் பொருந்தாது. குன்னு என்பதிலிருந்து குன்னல் வரும், குன்மை என்றுகூட வரலாம். ‘மம்’ என்று ஒரு விகுதி தமிழில் ஏது? லகரத்தை அடுத்து மகரம் வந்தால் லகரம் னகரமாகும்: நல்+மை நன்மை, கல்+மலை கன்மலை. வடசொல்லுக்கும் இதே கதிதான். வால்மீகி வான்மீகி ஆனார். குல்மம் அப்படித்தான் குன்மம் ஆனது. ஆக, ஏடகம் ஐயா, மூலம் நீங்கள் சொன்னது. ஆனால் தமிழில் எழுத்து குன்மம்தான். மருந்துப் பெயர்கூடக் குன்மகுடோரி மெழுகு என்றுதான் வழங்குகிறது.

பொருள் விஷயத்தில் சரகரின் நூலை இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டும். அதில் சிகிச்சைகளைச் சொல்லும் சிகிச்சாஸ்தானம் 5ஆம் அத்தியாயத்தில், வாத குல்மம் உண்டது செரித்த பின் கூடும், சாப்பிட்டால் தணியும் என்கிறார். முன்சிறுகுடல் புண்ணின் வலி அதே போக்குதான்: சாப்பிட்டு 2–3 மணி நேரம் கழித்து, அல்லது நடு இரவில் எழுப்பும், ஏதாவது தின்றால் அடங்கும். பித்த குல்மத்துக்கு எரிச்சல், செரிக்கும்போது கடும் வலி, புண்ணைப் போலத் தொடப் பொறுக்காமை. உறவே இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஏடகம்:
அறிகுறி ஒத்துப்போகலாம். நோய் ஒன்றாகிவிடாது. அதே அத்தியாயத்தில் ரத்த குல்மமும் இருக்கிறதே? பெண்களுக்கு மட்டும் வருவது, பத்து மாதம் கடந்த பிறகே வைத்தியம் செய்ய வேண்டும் என்கிறார். அதுவுமா அல்சர்?

கரிசாலை:
இல்லை. சித்த மருத்துவத்தில் வகுப்பு மாறிவிட்டது. சித்தர் யூகி முனிவர் எட்டாகப் பிரிக்கிறார்: வாத, பித்த, ஐய, வாயு, எரி, வலி, சத்தி, சன்னி. ரத்த குல்மம் இதில் இல்லை. சொல்லின் அழுத்தம் கட்டி என்ற பொருளிலிருந்து எரிச்சல், ஏப்பம், வாந்தி, செரியாமைப் பக்கம் நகர்ந்துவிட்டது. இணையத்தில் ‘சக்தி குன்மம்’ என்று பரப்பிக்கொண்டிருக்கிறார்கள், தயவுசெய்து திருத்துங்கள். அது சத்தி, வாந்தி. யாழ்ப்பாணத்தில் இன்றும் சத்தி எடுக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

வேர்க்கிழங்கு:
விகுதி வாதத்தை ஏற்கிறேன். அப்படியானால் பட்டியலில் குன்மம் இருந்துவிட்டுப் போகட்டுமே?

ஏடகம்:
கூடாது, இதில்தான் ஆபத்து. பெப்டிக் அல்சர் என்பது அமிலமும் பெப்சினும் அரித்த புண். உள்நோக்கியில் (எண்டோஸ்கோப்) கண்ணால் பார்ப்பது. பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி, அல்லது வலி மாத்திரைகள். வாரனும் மார்ஷலும் அந்தக் கிருமியைக் கண்டதற்குத்தான் 2005இல் நோபல் கொடுத்தார்கள். கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் முழுக் கெடுவும், பெரும்பாலும் 14 நாள், எடுக்க வேண்டும். எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டால் கிருமி தங்கிவிடும், புண் திரும்பும். ‘எனக்குக் குன்மம்’ என்று ஒருவர் தானே முடிவுகட்டிச் சூரணம் தின்றுகொண்டிருந்தால் இந்தச் சோதனை எதுவும் நடக்காது. கட்டி இருந்தாலும் தெரியாமல் போகும்.

கரிசாலை:
பட்டியலிலிருந்து எடுக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இரைப்பைப் புண்’ என்று மாற்றினால் முன்சிறுகுடல் விட்டுப்போகும். ‘குடற்புண்’ என்றால் இரைப்பை விட்டுப்போகும். பெப்டிக் என்ற கிரேக்கச் சொல்லே செரிமானத்தைத்தான் குறிக்கிறது, இடத்தை அல்ல. ‘செரிநீர்ப் புண்’ என்று போடுங்கள். குன்மத்தைச் சித்த மருத்துவச் சொல்லாகத் தனிப் பதிவில் வையுங்கள், எட்டு வகையோடு.

ஏடகம்:
செரிநீர்ப் புண் சம்மதம். குன்மப் பதிவில் சரகரின் கட்டிப் பொருளையும் முதல் வரியிலேயே போட வேண்டும். கருப்பாக மலம் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ உடனே உள்நோக்கிச் சோதனைக்குப் போக வேண்டும் என்ற வரி இரண்டு பதிவிலும் இருக்கட்டும்.