பருப்பு வேகாத தண்ணீரில் நியான் டெட்ராவா? எந்த மீனோடு எந்த மீன்

கலர் மீன் கடையில் "இது சாது, எதோட வேணா விடலாம்" என்று சொல்வார்கள். சாதுவா சண்டைக்காரனா என்பது இரண்டாவது கேள்வி. எந்தத் தண்ணீருக்குப் பழகிய மீன் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். போர் தண்ணீரில் பருப்பு வேக நேரமாகிறதா, சோப்பு நுரைக்க மறுக்கிறதா, குழாய் முனையில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் அது கடினத் தண்ணீர். கப்பி, மோலி, பிளாட்டி, சோர்ட்டெயில் நான்கும் அதில் நன்றாக வாழும். பி.எச். 7.5 முதல் 8 வரை அவற்றுக்குத் தொந்தரவே இல்லை.

நியான் டெட்ரா அமேசான் பக்கத்து மீன். மென்மையான, லேசாக அமிலத்தன்மை உள்ள தண்ணீர் அதற்கு வேண்டும். அதையும் மோலியையும் ஒரே தொட்டியில் விட்டால் சண்டை வராது, ஆனால் இரண்டில் ஒன்று மெல்ல நலியும். நியான்தான் வேண்டுமென்றால் போர் தண்ணீரில் ஆர்ஓ தண்ணீரைக் கலக்கலாம். பாதிக்குப் பாதி கலந்தால் கடினமும் பாதியாகும். வெறும் ஆர்ஓவில் மட்டும் விட வேண்டாம். தாது இல்லாத தண்ணீரில் பி.எச். நிலையாக நிற்காது. தண்ணீரில் கரைந்திருப்பதையெல்லாம் மொத்தமாக அளக்கும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. அது உப்பையும் சேர்த்தே காட்டும், கடினத்தைத் தனியாகச் சொல்லாது. ஜிஎச், அதாவது கடினத்தின் அளவைப் பார்க்கும் சொட்டு மருந்து கிட் வாங்குங்கள்.

* * *

தண்ணீருக்கு அடுத்தது வாய். வாய்க்குள் போகிற அளவில் எது நீந்தினாலும் பெரிய மீனுக்கு அது இரைதான். ஏஞ்சலும் நியானும் இதற்கு நல்ல உதாரணம். கடையில் ரூபாய் நாணயம் அளவு ஏஞ்சலைப் பார்த்து இரண்டையும் சேர்த்து வாங்குவார்கள், சில மாதம் பிரச்சினையே இருக்காது. ஏஞ்சல் 15 செ.மீ.க்கு வளரும், நியான் 3 செ.மீ.யோடு நின்றுவிடும். பிறகு காலையில் எண்ணினால் ஒன்று குறையும், நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள். ஏஞ்சலோடு விட ரம்மிநோஸ் டெட்ரா பரவாயில்லை, ஏஞ்சல் குட்டியாக இருக்கும்போதே சேர்த்துவிட வேண்டும். தொட்டி ஒன்றரை அடி உயரமாவது இருக்கட்டும். ஏஞ்சல் ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் அந்த மூலைக்கு வேறு மீன் போக முடியாது, அதற்கும் இடம் வேண்டும்.

* * *

டைகர் பார்ப் பற்றி ஒரு திருத்தம். அது வால் கடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு மூன்றாக வாங்குவதால்தான் தொல்லை அதிகமாகிறது. எட்டுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். அப்போதும் நீண்ட துடுப்புள்ள ஏஞ்சல், கப்பி, கௌராமி, ஃபைட்டர் எதையும் பக்கத்தில் விடக் கூடாது.

ஆண் ஃபைட்டரோடு ஆண் கப்பி வேண்டாம். அந்த விரிந்த வண்ண வாலை இன்னொரு ஃபைட்டர் என்று எண்ணிப் பாயும். கௌராமியும் ஃபைட்டரின் உறவுதான், அதுவும் வேண்டாம்.

* * *

கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீனை யாரும் "அழுக்கு தின்னும் மீன்" என்று வாங்காதீர்கள்! அது பாசியைத்தான் சுரண்டும், மற்ற மீனின் கழிவைத் தின்னாது. தானே ஏராளமாகக் கழிவு போடும். விரல் நீளத்தில் வாங்கியது 40 செ.மீ. வளரும். பசித்தால் இரவில் கோல்டு ஃபிஷின் உடம்பில் ஒட்டி மேல் வழவழப்பை உறிஞ்சும். அந்தப் புண்ணில் பூஞ்சை பிடிக்கும். வளர்ந்தபின் ஏரியில் கொண்டுபோய் விடுவது அதைவிடப் பெரிய தப்பு. நம் ஊர் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. பாசிக்கு நெரைட் நத்தை மூன்று போதும். கடினத் தண்ணீரில் அதன் ஓடும் உறுதியாக இருக்கும்.

கோல்டு ஃபிஷ் தனி இனம். 18 முதல் 23 டிகிரி அதற்குச் சுகம், மற்ற வெப்பமண்டல மீன்களுக்கு 25க்கு மேல். சித்திரை வெயிலில் தொட்டி 32 டிகிரியைத் தொட்டால், 25 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 8.2 மில்லிகிராம் கரையும் ஆக்சிஜன் 7.3க்கு இறங்கிவிடும். அப்போது நெரிசலான தொட்டிதான் முதலில் திணறும்.

* * *

இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டியில் கல், மண் போக 45-50 லிட்டர்தான் நிற்கும். கடினத் தண்ணீரில் ஆண் கப்பி மட்டும் 8-10 விடலாம். குட்டி பெருகும் தலைவலி இல்லை. ஆண், பெண் சேர்த்து விட்டால் ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண், இல்லாவிட்டால் பெண் மீனைத் துரத்தியே களைக்க வைக்கும். பிளாட்டியும் சோர்ட்டெயிலும் கலந்து குட்டி போடும், வகை கெடக் கூடாதென்றால் பிரித்து வையுங்கள். மென்மையான தண்ணீர் என்றால் நியான் 8, அடியில் மேயும் பிக்மி கோரி 6, ஹனி கௌராமி 1. கோரிக்குக் கூர்மையான கல் ஆகாது, மீசை தேய்ந்துவிடும். மெல்லிய மணல் போட்டு, விளக்கணைத்தபின் மூழ்கும் தீனி கொடுங்கள். பகலில் போட்டால் மேலே இருப்பவை முந்திக்கொள்ளும்.

விடும் வரிசையும் முக்கியம். ஃபில்டர் ஓடத் தொடங்கி, கழிவிலிருந்து வரும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். பி.எச். 8ஐ ஒட்டிய தண்ணீரில் அதே அளவு அமோனியா இன்னும் கடுமையாகத் தாக்கும், போர் தண்ணீர்க்காரர்கள் அவசரப்பட வேண்டாம். முதலில் கோரி, பத்து நாள் கழித்து டெட்ரா, கடைசியில் கௌராமி. இடம் பிடிக்கிற மீன் முதலில் போனால் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று நிற்கும். அப்படி ஆகிவிட்டால் கல்லையும் செடியையும் இடம் மாற்றி, ஒரு நாள் விளக்கை அணைத்து வையுங்கள். ஒரு மீன் மட்டும் மேல் மூலையில் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றால், வால் கிழியும்வரை காத்திராமல் அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.