'மாறுநிலை இடைவெளி' வேண்டாம், 'ஏற்பெல்லை' என்போம்

சிக்னல் இல்லாத சந்திப்பின் போக்குவரத்தைக் கணினியில் உருவகப்படுத்தும்போது, நிரல் ஒரு கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறது: கிளைச்சாலையில் நிற்கும் வண்டி, முதன்மைச் சாலையில் அடுத்தடுத்து வரும் இரு வண்டிகளுக்கு நடுவே இப்போது நுழையலாமா, காத்திருக்க வேண்டுமா? நுழைவதற்கு ஓட்டுநர் போதுமென்று கருதும் மிகக் குறைந்த அளவுக்கு (ஆங்கிலத்தில் critical gap) 'மாறுநிலை இடைவெளி' என்னும் சொல் முன்வைக்கப்பட்டுள்ளது. அதன் இரு பாதிகளுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

'வெளி' இடத்தைக் குறிப்பது. இங்கே அளக்கப்படுவதோ நேரம். 60 மீட்டர் தொலைவில் வரும் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் சந்திப்பை அடைய 7.2 நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 3.6 நொடிதான். 5 நொடியாவது வேண்டும் என்று நினைப்பவர் முதல் வண்டிக்கு முன்னால் நுழைந்துவிடுவார், இரண்டாவதற்கு நின்றுவிடுவார். தொலைவு மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. 'கால இடைவெளி' என்று எழுதலாம்தான். ஆனால் கூட்டுச்சொற்களில் அது சுமையாகிவிடும். 'இடைநேரம்' போதும்.

'மாறுநிலை' இயற்பியலில் நிலைத்துவிட்ட சொல். மாறுநிலை வெப்பநிலையும் மாறுநிலைக் கோணமும் பொருளின் இயல்பைச் சார்ந்தவை. எவர் அளந்தாலும் மாறாதவை. ஓட்டுநரின் எல்லை அப்படிப்பட்டதன்று. அது ஆளுக்கு ஆள், திருப்பத்துக்குத் திருப்பம் வேறுபடும். அமெரிக்க நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேட்டின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, இரு தடங்கள் கொண்ட முதன்மைச் சாலையில் கிளைச்சாலையிலிருந்து இடப்புறம் திரும்ப 7.1 நொடியும் வலப்புறம் திரும்ப 6.2 நொடியும் அடிப்படை மதிப்புகளாகத் தருகிறது (அங்கே வண்டிகள் வலப்பக்கம் செல்வதால் இடப்புறத் திருப்பமே கடினம்). மேலும், இந்த எல்லையை எவரும் நேரில் பார்க்க முடியாது. ஏற்கப்பட்ட இடைநேரங்களும் மறுக்கப்பட்டவையும் மட்டுமே கண்ணில் படும். 1950இல் போக்குவரத்து ஆய்வாளர் ராஃப் வகுத்த முறையில், எந்த மதிப்பைவிடச் சிறியதாக இருந்தும் ஏற்கப்பட்டவற்றின் எண்ணிக்கையும் அதைவிடப் பெரியதாக இருந்தும் மறுக்கப்பட்டவற்றின் எண்ணிக்கையும் சமமாகின்றனவோ அதுவே எல்லை. கருத்து பிறந்ததே ஏற்பிலிருந்துதான். எனவே செயலை 'இடைநேர ஏற்பு' என்றும், அளவை 'ஏற்பெல்லை' என்றும் அழைக்கலாம்.

ஆனால் நம் தெருக்களில் 'ஏற்பு' என்பதே போதாத இடம் ஒன்று உண்டு. ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கும் ஸ்கூட்டர்க்காரர் ஒரு லாரியைப் போகவிடுகிறார், பிறகு முன்சக்கரத்தை ஒரு முழம் உள்ளே தள்ளுகிறார், வருகிற கார் பிரேக் போடுகிறது, அவர் கடந்துவிடுகிறார். அங்கே தேவையான இடைநேரம் இருக்கவில்லை, அவர் அதை உண்டாக்கினார். இதையும் ஏற்புக் கணக்கில் சேர்த்தால் ஏற்பெல்லை நம்ப முடியாத அளவுக்குச் சுருங்கிவிடும். கணினியில் ஓடும் வண்டிகளோ எதிரே வருபவர் பிரேக் போடுவாரா என்பதை அறியாமலேயே பாய்ந்து நுழையும். ஆகவே இதற்குத் தனிச்சொல்லும் தனி விதியும் வேண்டும். 'வண்டியைச் செருகிவிட்டான்' என்றுதானே தெருவில் சொல்கிறோம்? 'செருகுநுழைவு' என்றே வைத்துக்கொள்ளலாம்.