அப்டேட்: 1.020-ல நின்னுபோன பிரவுன் ஏல் இறங்கிடுச்சு

போன பதிவுல கேட்டிருந்தேன்ல, வீட்டுல 5 கேலன் அமெரிக்கன் பிரவுன் ஏல் (ஒரு வகை பீர்) போட்டேன், அடர்த்தி 1.054-ல ஆரம்பிச்சுது (தண்ணி 1.000; ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலா மாத்த மாத்த இது இறங்கும்), ஈஸ்ட் யூஎஸ்-05, ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்குற கருவி) 1.020-க்கு கீழ போகவே மாட்டேங்குதுன்னு. ரெண்டு மூணு பேர் சொன்ன மாதிரி பேஸ்மென்ட்ல இருந்து பக்கெட்டை மேல ஹாலுக்கு தூக்கிட்டு வந்தேன் (மிச்சிகன் குளிர்ல பேஸ்மென்ட் எப்படி இருக்கும்னு தெரியும்ல), மூடியைத் திறக்காம லேசா சுத்தி அடியில படிஞ்ச ஈஸ்ட்டை கலக்கி விட்டேன், ஏர்லாக் (உள்ள இருக்குற கேஸை மட்டும் வெளிய விடுற அடைப்பு) மறுநாளே மறுபடி குமிழ் விட ஆரம்பிச்சுது, இப்ப 1.014, தொடர்ந்து அதே ரீடிங். கணக்குப்படி 5.2% ஆல்கஹால் கிட்ட வருது.

"அப்படியே பாட்டில் பண்ணிடு"ன்னு ஒருத்தர் சொன்னாரே, நல்லவேளை பண்ணல. பாட்டிலுக்குள்ள ஒரு பாயின்ட் (0.001) இறங்கினாலே பீர்ல அரை வால்யூம் (பீரோட கொள்ளளவுல பாதி) கேஸ் ஏறும், 6 பாயின்ட்னா 3 வால்யூம், அதுக்கு மேல ப்ரைமிங் சர்க்கரை (பாட்டில்ல கேஸ் ஏத்தறதுக்குன்னே போடுறது) வேற, கண்ணாடி பாட்டில் வெடிச்சிருக்கும்ங்க.

டேஸ்ட்? சாம்பிள் டியூப்ல கறுப்பா தெரியுது, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா செவப்பு அடிக்குது. சாக்லேட் மால்ட் (கறுக்க வறுத்த முளைகட்டின தானியம்) வறுத்த வாசம் முன்னாடி, கடைசியில கேஸ்கேட் ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசமும் தர்ற பூ) பம்பளிமாஸ் தோல் உரிச்ச மாதிரி. இங்கிலீஷ் பிரவுன் ஏல்ல இந்த ஹாப்ஸ் தூக்கல் இருக்காது, எனக்கு இதான் பிடிச்சிருக்கு.

சனிக்கிழமை பாட்டிலிங், ப்ரைமிங்குக்கு 4 அவுன்ஸ் கார்ன் சுகர் போடப்போறேன்.