பகிர்வாட்சியா, பங்காளுகையா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். நம் கலைச்சொல் அகராதிக்காக 'ஷேர்டு கவர்னன்ஸ்' (shared governance) என்பதற்கு இதுவரை வந்த தமிழ்ச்சொற்கள்: கூட்டாட்சி, பகிர்வாட்சி, இணை நிர்வாகம், உடனாளுகை. ஒரு பல்கலைக்கழகத்தில் எதைக் கற்பிப்பது, யாரைப் பணியில் அமர்த்துவது, யாருக்குப் பதவி உயர்வு என்பதையெல்லாம் நிர்வாகம் தனியாக முடிவு செய்யாமல் ஆசிரியர்களும் சேர்ந்து முடிவு செய்யும் ஏற்பாடு அது. எந்த ஆசிரியர்கள் என்பதில்தான் சண்டையே. சொல்லை ஆக்கும்போது அந்தச் சண்டையை மூடிவிடாமல் ஆக்க வேண்டும் என்பது என் கவலை.

கூட்டாட்சியை முதலிலேயே தள்ளிவிடலாம். மத்திய, மாநில உறவுக்கு அது ஊன்றிப்போய்விட்டது. 'இணை' என்றால் இணை இயக்குநர், இணைப் பதிவாளர் என்று அடுத்த படியில் இருப்பவர்தான் நினைவுக்கு வருகிறார். அதுவும் வேண்டாம்.

> பகிர்வாட்சி எளிமையாக இருக்கிறது, யாருக்கும் உடனே புரியும். அதையே வைத்துக்கொள்ளலாமே?

புரியும், ஐயா. எனக்குத் தயக்கம் 'பகிர்' என்ற வினையில்தான். பகிர்வதற்கு முதலில் ஒருவர் கையில் பொருள் இருக்க வேண்டும். அவர் மனமுவந்து கொடுக்கிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். நாளைக்குக் கொடுக்காமலும் இருக்கலாம். பங்கு அப்படியில்லை. 'என் பங்கு எங்கே?' என்று ஒருவர் உரிமையோடு கேட்கலாம். 'என் பகிர்வு எங்கே?' என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பங்காளி என்ற சொல்லிலேயே அந்த உரிமை இருக்கிறது; அவருடைய பங்கை அவரிடம் கேட்காமல் விற்க முடியாது.

அதனால் என் முன்மொழிவு: பங்காளுகை. பங்கு என்பதன் குற்றியலுகரம் கெட்டு ஆளுகையோடு இயல்பாகச் சேர்கிறது. ஏன் ஆளுமை இல்லை என்று கேட்பீர்கள். மின்னாளுமை என்று அரசு எழுதினாலும், தனியாக 'ஆளுமை' என்றால் இன்று ஒருவரின் பண்பு, தோரணை என்றுதான் மனம் போகிறது. 'உடனாளுகை' தந்த அம்மையாரின் வாதம் எனக்குப் பிடித்திருந்தது. அர்ஜென்டினாவின் கோர்தோபா பல்கலைக்கழகத்தில் 1918-இல் மாணவர்கள் கிளர்ந்தெழுந்த பிறகு லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவிய 'கோகோபியெர்னோ' என்ற ஸ்பானிய சொல்லுக்கு அது நேர்ப்பொருள். ஆனால் 'உடன்' யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. அதே நாட்டில் புவெனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு புலத்தையும் (சட்டம், மருத்துவம் போன்ற பெரும் பிரிவை) நடத்தும் குழுவிலும் 16 பேர்: ஆசிரியர் 8, பட்டதாரிகள் 4, மாணவர் 4. இது கணக்கு. கணக்கு வரும் இடத்தில் பங்கு என்ற சொல் இருந்தால் நல்லது.

சரி, பங்காளுகை என்றால் பங்காளர் யார்? இழையில் யாரும் இதைத் தொடவில்லை. ஆசிரியர்கள் கூடி முடிவெடுக்கும் அவைக்கு ஒருவர் தந்த பெயரிலேயே இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது.

> 'ஃபேகல்டி செனட்' என்பதைப் பேராசிரியர் பேரவை என்று போட்டுவிடலாம், குழப்பம் இல்லை.

இதில் இரண்டு குழப்பம் இருக்கிறது. சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் செனட்டை ஆட்சிப் பேரவை என்கிறோம். இலங்கையில் செனட் என்றால் மூதவை. அங்கே பேரவை என்பது கவுன்சில், அதாவது நிர்வாகம் நடத்தும் மேல் அமைப்பு. யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'பேராசிரியர் பேரவை' என்று படித்தால் வேறொன்றைத்தான் எண்ணிக்கொள்வார். இரு கரைக்கும் பொதுவான அகராதி என்றால் மூதவையே மேல். லத்தீனில் செனட்டுக்கும் முதியோர் என்பதுதான் வேர். நம்மவர் யாரோ அதைச் சரியாகப் பிடித்திருக்கிறார்.

பெரிய குழப்பம் 'பேராசிரியர்' என்ற சொல்லில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபேகல்டி' என்ற ஒரே சொல் புலத்தையும் குறிக்கிறது, அதில் கற்பிக்கும் எல்லாரையும் சேர்த்தும் குறிக்கிறது. தமிழில் பேராசிரியர் என்பது ஒரு பதவி. அதைத் தலைப்பில் வைத்தால் உதவிப் பேராசிரியர், விரிவுரையாளர், ஒப்பந்தத்தில் கற்பிப்பவர் எல்லாரும் மொழிபெயர்ப்பிலேயே வெளியே போய்விடுகிறார்கள். ஒரு விதிமுறை செய்ய வேண்டிய வேலையை அகராதி செய்துவிடக் கூடாது.

பதவியும் வாக்கும் ஒன்றல்ல என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் டொரதி காரட். தொல்லியலாளர். கேம்பிரிட்ஜில் 1939-இல் பேராசிரியர் ஆனார். அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் அவர்தான். ஆனால் பெண்களுக்கு அங்கே முழு உறுப்புரிமை 1948-இல்தான் வந்தது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகள், பேராசிரியராக இருந்தும், அவருக்குப் பல்கலைக்கழக விவகாரங்களில் வாக்கு இல்லை. 'பேராசிரியர் பேரவை' என்று எழுதினால் அவர் உள்ளே இருந்தார் என்று தமிழ் வாசகர் நினைப்பார். அவர் உள்ளே இல்லை.

என் அனுபவம் ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தில் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்தேன். நான்கு பருவம் தொடர்ந்து நான் நடத்திய தாளின் பாடத்திட்டத்தை மாற்றும் கூட்டம். வருகைப் பதிவேட்டில் உறுப்பினர் பட்டியல் முடிந்து, ஒரு கோடு போட்டு, கீழே 'சிறப்பு அழைப்பாளர்' என்று எழுதி என் பெயர். பேசச் சொன்னார்கள். இருபது நிமிடம் பேசினேன், கவனமாகத்தான் கேட்டார்கள். அப்புறம் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். எண்ணிக்கொண்டு வந்த உதவியாளர் எனக்கு இந்தப் பக்கம் இருந்தவரிடம் 'எட்டு' என்றார். பேனா முனை என் நாற்காலியைத் தாண்டிப் போனது. அந்தப் பக்கம் இருந்தவரிடம் 'ஒன்பது'. யாரும் என்னை அவமதிக்கவில்லை, விதி அதுதான். அடுத்த பருவம், வேண்டாம் என்று நான் காரணத்தோடு சொன்ன அந்தப் பாடத்திட்டத்தை நானேதான் நடத்தினேன்.

அன்றைக்கு எனக்கு இருக்கை இருந்தது, பேச்சு இருந்தது, வாக்கு இல்லை. இந்த மூன்றையும் 'பிரதிநிதித்துவம்' என்ற ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் விவாதம் எப்போதும் வழுக்கிக்கொண்டு போகிறது. 'ஒப்பந்த ஆசிரியர்களுக்கும் பிரதிநிதித்துவம் கொடுத்திருக்கிறோம்' என்று ஒரு நிர்வாகம் சொன்னால் அது மூன்றில் எது என்று கேட்கத் தமிழில் தனிச்சொல் வேண்டும். வாக்குரிமை ஏற்கெனவே இருக்கிறது. உட்காரும் உரிமைக்கு அவையுரிமை என்று வைக்கலாம். பேச்சுரிமை என்றால் கருத்துச் சுதந்திரம் என்று ஆகிவிட்டதால், அவையில் பேசும் உரிமைக்கு உரையுரிமை என்று ஒன்றை முன்வைக்கிறேன். நான்காவதாக, தான் அவையில் இல்லாவிட்டாலும் அங்கே போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, அது தேர்வுரிமை. தேர்வு என்றால் பரீட்சை என்று குழம்புமோ என்ற ஐயம் எனக்கே இருக்கிறது. நல்ல மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

> வாக்குரிமை எல்லாருக்கும் என்றால் நிரந்தரமானவர்களுக்கு என்ன மதிப்பு? நாளைக்கு இருப்பாரோ இல்லையோ தெரியாதவர் பத்து வருடத் திட்டத்துக்கு வாக்களிப்பதா?

நியாயமான கேள்வி, தம்பி. இதற்கு ஜெர்மனியில் ஒரு விடை உண்டு. பேராசிரியர்கள் மட்டும் ஆண்ட பழைய முறைக்கு எதிராக 1960-களின் இறுதியில் மாணவர்கள் எழுந்தார்கள். அதையடுத்து பேராசிரியர், உதவி ஆய்வாளர், மாணவர், பிற பணியாளர் எனக் குழுக்களாகப் பிரித்துப் பங்கு கொடுக்கும் முறை வந்தது. வழக்கு அரசமைப்பு நீதிமன்றத்துக்குப் போய் 1973-இல் தீர்ப்பானது. குழுக்களின் பங்கேற்பு செல்லும், ஆனால் கற்பித்தல் தொடர்பான முடிவுகளில் பேராசிரியர்களுக்குப் பாதி வாக்காவது வேண்டும், ஆய்வு, பேராசிரியர் நியமனம் ஆகியவற்றில் பாதிக்கு மேல் வேண்டும் என்றது நீதிமன்றம். பேராசிரியர்களுக்கு அது நிறையவே விட்டுக்கொடுத்தது என்பது என் கருத்து. ஆனாலும் பங்கை ஆளை மட்டும் பார்த்து வைக்காமல், எதைப் பற்றிய முடிவு என்ற பொருளையும் பார்த்து வைக்கலாம் என்ற வழியை அது காட்டியது. பாடத்திட்டத்துக்கு அதை நடத்துகிறவர் எல்லாரும் வாக்களிக்கட்டும். நிரந்தரப் பதவி உயர்வை நிரந்தரமானவர்கள் தீர்மானிக்கட்டும். இதற்குப் பொருள்வாரிப் பங்கு என்று பெயர் வைத்தால் பங்காளுகைக்குக் கீழேயே பதிவிடலாம்.

நாளைக்கு இருப்பாரா என்பதைப் பற்றி ஒன்று. நம் அரசியல் சாசனத்தின் 171-ஆம் பிரிவு, மாநில மேலவைக்கு ஆசிரியர்கள் வாக்களிக்கும் தொகுதிக்கு என்ன தகுதி கேட்கிறது? குறைந்தது மூன்று ஆண்டு கற்பித்திருக்க வேண்டும் என்கிறது. பணி நிரந்தரமா என்ற கேள்வியே அந்த வரியில் இல்லை. அதற்கும் முன்னால், 1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் செனட்டுக்குச் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பதிவு பெற்ற பட்டதாரிகளுக்குக் கொடுத்தது. படித்து முடித்து வெளியே போனவருக்கு வாக்கு உண்டென்றால், வகுப்பில் நிற்கிறவருக்கு ஏன் கூடாது?

1966-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் மற்ற இரு அமைப்புகளோடு சேர்ந்து உருவாக்கிய அறிக்கை, பாடத்திட்டமும் கற்பிக்கும் முறையும் முதன்மையாக ஆசிரியர்களின் பொறுப்பு என்றது. பிற்பாடு அதே சங்கம், நிரந்தரமற்றவர்களுக்கும் வாக்கும் அவைப் பொறுப்பும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒப்பந்தத்தை நீட்டிக்கிறவர் முன்னால் கை தூக்க யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். ஆகவே இவர்களுக்கு வாக்கு கொடுக்கும் இடத்தில் மறைவாக்கும் சேர்ந்தே வர வேண்டும். அந்தப் பயத்தைக் காட்டி வாக்கையே மறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இவர்களைத் தமிழில் என்ன சொல்வது? கௌரவ விரிவுரையாளர் என்பது புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஊதியம் வாங்காமல் மதிப்புக்காக வந்து போகிறவர் என்ற பொருளை அது தருகிறது. முழு நாளும் உழைக்கிறவருக்கு அது பொருந்தாது. ஒப்பந்த ஆசிரியர் என்றே வைப்போம். 'ஃபேகல்டி செனட்' என்ற அவைக்கு ஆசிரியர் மூதவை என்று வைப்போம்.

பல்கலைக்கழகம் என்ற சொல்லில் கழகம் என்பது மனிதர் கூடிய அவை. இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனியாவில் மாணவர் சங்கம்தான் அந்தக் கழகம், தலைவரை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். பாரிசில் ஆசிரியர் சங்கம்தான் கழகம். யார் உள்ளே என்பது தொடக்கத்திலிருந்தே ஊருக்கு ஊர் வேறாகத்தான் இருந்திருக்கிறது. அதனால் பதிவில் 'பங்காளர்' என்பதற்கு நேராக 'பேராசிரியர்' என்று விளக்கம் எழுத வேண்டாம், 'அந்தந்த நிறுவன விதிப்படி வாக்குரிமை உள்ளவர்' என்று எழுதுங்கள் என்று தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது என்ற நிலையில் இருப்பவரை உங்கள் மூதவைக் குறிப்புகளில் எப்படி எழுதுகிறீர்கள்? இங்கே 'சிறப்பு அழைப்பாளர்' என்கிறோம். வேறு சொல் இருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு உரையுரிமையை முடிவு செய்யலாம்.

அன்புடன்.