'அமெச்சூர்': தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1

நண்பர்களே, வணக்கம்.

விளையாட்டின் சமூக வரலாறு பற்றிய நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் மூன்றாம் இயலைக் கொடுத்தாக வேண்டும். பிழைப்புக்காக அல்லாமல் ஆடுபவரைக் குறிக்கும் 'அமெச்சூர்' (amateur) என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். 'தொழில்முறை ஆட்டக்காரர்' பழகிய சொல். அதற்கு எதிர்ச்சொல்தான் கிடைக்கவில்லை. நாடகத்தில் 'பயில்முறைக் குழு' என்கிறோம். ஆனால் இங்கிலாந்துக் கிரிக்கெட்டின் பெரும் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸும் அமெச்சூர்தான். அவரைப் போய்ப் பயில்பவர் என்பதா?

மடல் 2

'விழைஞர்' எனலாமே! மூலம் இலத்தீன், விரும்புபவர் என்று பொருள். கலைஞர், இளைஞர் போல 'ஞர்' ஈறு இயல்பாகப் பொருந்துகிறது. 'தில்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் முதலில் வைக்கும் பொருளே விழைவுதான். 'விழா'வும் இதே வேரிலிருந்து வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. இவ்வளவு வளம் இருக்க, ஒலிபெயர்ப்பு எதற்கு?

மடல் 3

ஐயா, விழாவை அப்புறம் பேசுவோம். சொல் அழகாக இருக்கிறது. என் கவலையே அந்த அழகுதான். வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்துகிறவள் என்பதால் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டியின் 1879 விதிப்படி, கூலிக்கு உழைக்கும் கைவினைஞரோ தொழிலாளியோ அமெச்சூர் ஆக முடியாது. துடுப்புப் போட அவர் ஒரு காசும் வாங்கியிருக்க வேண்டாம், படகின் மேல் உயிரையே வைத்திருக்கலாம், ஆனாலும் இடமில்லை. கிரேஸோ ஆட்டத்தால் பெரும் பணம் ஈட்டியவர், கடைசிவரை அமெச்சூர். ஆக, விருப்பமும் அளவுகோல் இல்லை, காசும் முழு அளவுகோல் இல்லை. பிறப்பும் பிழைப்பும்தான்.

இங்கிலாந்துக் கிரிக்கெட்டின் ஸ்கோர் அட்டையைப் பாருங்கள். அமெச்சூருக்கு முதலெழுத்துகள் பெயருக்கு முன்னால், தொழில்முறையாளருக்குப் பின்னால். லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் ஒருமுறை, தொழில்முறையாளரான டிட்மஸின் பெயர் அட்டையில் 'எஃப். ஜே. டிட்மஸ்' என்று அச்சாகிவிட்டது. அதை 'டிட்மஸ், எஃப். ஜே.' என்று திருத்திப் படிக்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்! 1962இல்தான் இந்தப் பிரிவினை ஒழிந்தது. ரக்பி 1895இல் இரண்டாகப் பிளந்ததும், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்த தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுகட்டலாமா என்ற சண்டையில்தான்.

'விழைஞர்' என்று எழுதினால், அந்தக் கனவான்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை நாமும் வழிமொழிந்ததாகிவிடும்.

மடல் 4

அம்மா சொல்வது சரி. ஒன்று சேர்க்கிறேன். சங்கப் பாடல்களில் பாணரும் பொருநரும் கலையைக் காட்டிப் பரிசில் பெற்றார்கள். வாங்கியதால் பெருமை குறையவில்லை. காசு வாங்காததே உயர்வு என்ற நினைப்பு அந்தப் பாடல்களில் இல்லை; பிறகு அதற்கான சொல்லை அங்கே தேடுவானேன்? 'தொழில்முறை சாரா' போதும், எல்லோருக்கும் புரியும்.

மடல் 5

அனைவருக்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்தால் 'தொழில்முறை சாரா' பக்கம்தான் கூட்டம். பொதுவாக அதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஹென்லி விதியில், 'தொழிலாளி, தொழில்முறை சாரா வீரராகக் கருதப்படமாட்டார்' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு 'தொழிலும்' மோதிப் பொருளே கலங்குகிறது. அந்த இயலில் மட்டும் 'அமெச்சூர்' இருக்கட்டும்.

மடல் 6

எனக்கு உடன்பாடில்லை. அடைப்புக்குறிக்குள்ளாவது 'விழைஞர்' போடுங்கள். சொல் புழங்கினால்தானே அதற்குப் பொருள் ஏறும்?