பரபின் கட்டியில் ஆர்என்ஏ அளவு இருக்கு, பிசிஆரில் சிக்னல் இல்லை

உப்புவெளி: திருகோணமலையில் இருந்து கேக்கிறன். போமலினில் பதப்படுத்திப் பரபின் மெழுகில் புதைச்ச மார்பகப் புற்று இழையத்தின் பழைய கட்டிகளில் எடுத்த ஆர்என்ஏ அளவில் தாராளம், ஆர்ஐஎன் (ஆர்என்ஏ எவ்வளவு சிதையாமல் இருக்கு எண்டு 1–10 புள்ளி) 2 தான். 200 பேஸ் நீளத் துண்டைப் பெருக்குற பிசிஆரில் ஒண்டும் இல்லை. கட்டிகளைக் கைவிடுறதா?

நிலாவெளி: ஆர்ஐஎன்னை விடுங்கோ, போமலினில் கிடந்த ஆர்என்ஏக்கு அது எப்பவும் குறைவாத்தான் வரும். டிவி200 பாருங்கோ: 200 நியூக்கிளியோடைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளின் வீதம். 50க்கு மேலே நல்லது. 30க்குக் கீழே எண்டால் சீக்குவென்சிங்குக்குக் காசைக் கரைக்காதேங்கோ. பிசிஆர் 60–80 பேஸ் துண்டைப் பெருக்குற மாதிரிப் பிரைமர்களை மாத்துங்கோ. புரதத்தைச் செரிக்கிற புரோட்டினேஸ் கே படி முடிய 80 பாகையில் 15 நிமிடம் சூடாக்கோணும். போமலின் போட்ட குறுக்குப் பிணைப்பு அவிழாட்டி, ஆர்என்ஏயை டிஎன்ஏயாகப் படியெடுக்கிற ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் அதில முட்டி நிண்டுவிடும்.

கோட்டையடி: அந்தத் தாராளத்தில பாதி டிஎன்ஏயாக இருக்கலாம்; 260 நானோமீற்றர் அளவீடு இரண்டையும் பிரிச்சுக் காட்டாது. டிஎன்ஏயை அழிக்கிற டிஎன்ஏஸ் போடுங்கோ, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத கட்டுப்பாட்டுக் குழாயும் ஓடட்டும். காற்றுப்பட்ட முதல் இரண்டு சீவலை எறியுங்கோ. எச்அன்ஈ சாயமூட்டின சிலைட்டில் புற்றுப் பகுதியைக் குறிச்சு, பிளேட்டால் அதை மட்டும் சுரண்டுங்கோ. கொழுப்பும் சாதாரண இழையமும் சேர்ந்தால் பாம்50 (50 மரபணுக்களை வைச்சு மார்பகப் புற்றை வகை பிரிக்கிற சோதனை) அதை ‘நோர்மல்-லைக்’ எண்டு தவறாகக் காட்டும்.

உப்புவெளி: நன்றி. இனி வாற மாதிரிகளுக்கு?

நிலாவெளி: இழையத்தை வெட்டி எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் 10 வீத நடுநிலை போமலின், 6 முதல் 72 மணித்தியாலம். எங்கட வெக்கைக்குக் கட்டிகளை 4 பாகையில் வையுங்கோ. சீவினதை அடுக்கி வைக்காமல் உடனே ஆர்என்ஏயைப் பிரித்தெடுங்கோ.